எல்லை தாண்டும் காப்பீடு, தாண்டாத செவிலியர்

பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைக் கிராமங்கள் தில்லியிடம் கேட்கும் கேள்வி

புதுதில்லி:

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்து களியக்காவிளையைக் கடந்ததும் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. வேறு எதுவும் பெரிதாக மாறுவதில்லை. அதே ரப்பர் மரங்கள், அதே மரச்சீனித் தோட்டங்கள், அதே ஓட்டு வீடுகள். பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை ஊராட்சிகளின் மக்கள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால்தான். பனச்சமூட்டில் கடைத்தெருவே இரு மாநிலங்களுக்கும் பொதுவானது.

நோயும் பொதுவானதே. பக்கவாதத்தில் படுத்த முதியவர், ரப்பர் மரத்தில் இருந்தோ தென்னையில் இருந்தோ விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர், புற்றுநோய்க்கு இனி அறுவை சிகிச்சை இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ஆகியோர் எல்லையின் இருபுறமும் இருக்கின்றனர். இவர்களுக்குத் தேவைப்படுவது மருத்துவமனைப் படுக்கை அல்ல. வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவர். இந்த ஒருவரை அனுப்புவது யார், அவருக்கு ஊதியம் தருவது யார் என்ற இடத்தில்தான் இரு மாநிலங்களும் பிரிகின்றன. மத்திய அரசின் சுகாதாரக் கொள்கையில் உள்ள ஒரு பெரிய இடைவெளியும் அங்கேதான் வெளிப்படுகிறது.

வரலாறு போட்ட கோடு

இந்த எல்லை 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையப்பட்டது. அதற்கு முன் இருபுறமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதிகளே. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழகத்துடன் இணைக்கக் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றங்கரையும் ஒன்று. மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது.

கோடு போடப்பட்ட பிறகும் நோயாளிகள் அதை மதித்ததில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-இல் தொடங்கப்பட்டது. மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கென ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தது 2001-இல்தான். எனவே குழித்துறையில் இருந்தும் அருமனையில் இருந்தும் கடுமையான நோயாளிகள் மேற்கு நோக்கிப் பயணம் செய்வது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம்.

மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய பிறகுதான் மாநில எல்லை அவர்களுக்கு உறைக்கிறது.

வீட்டுக்கு வரும் சிகிச்சை

கேரளத்தில் இதற்குச் 'சாந்த்வன பரிசரணம்' என்று பெயர். மக்கள் வாயில் அது 'பாலியேட்டிவ்' மட்டுமே. தமிழகத்தில் 'ஆதரவு சிகிச்சை' என்கின்றனர். குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியைக் குறைப்பது, புண் வராமல் காப்பது, குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுப்பது ஆகியவையே இதன் பணி.

கேரளத்தின் மற்ற ஊராட்சிகளைப் போலவே பாறசாலையிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இத்திட்டத்தின் முதல் அடுக்கு ஊராட்சியிடமே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துடன் இணைந்து பணியாற்றும் ஒரு சமுதாயச் செவிலியர், ஊராட்சி அமர்த்தும் வாகனத்தில், பெயர்ப் பட்டியலுடன் வீடு வீடாகச் செல்கிறார். உடன் ஆஷா பணியாளரோ, வார்டு உறுப்பினரோ, உள்ளூர்த் தொண்டரோ செல்வதுண்டு. இரண்டாம் அடுக்கு தாலுகா மருத்துவமனை மற்றும் சமுதாய சுகாதார மைய அளவில் உள்ளது. மூன்றாம் அடுக்கு மாவட்ட மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும்.

செவிலியரின் பையில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ரத்த அழுத்தமானி, சிறுநீர்க் குழாய், புண் கட்டும் துணி, கையுறை, சில மாத்திரைகள். ஆனால் அவர் வராவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தால்தான் இப்பணியின் மதிப்பு தெரியும்.

சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து நெய்யாற்றங்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஓட வேண்டும். உரிய இடைவெளியில் குழாயை மாற்றினால் அந்த ஓட்டம் பெரும்பாலும் தவிர்க்கப்படும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். புண்ணில் சீழ் வைத்தால் காய்ச்சல், பிறகு மருத்துவமனை, பிறகு வாரக் கணக்கில் படுக்கை. புரட்டிப் போடும் முறையை மகளுக்கோ மருமகளுக்கோ ஒருமுறை செய்து காட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றக்கூடும்.

இது மிகைப்படுத்தல் அல்ல. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றுப்படி, 2017-18-இல் மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்து சிகிச்சை பெற (மகப்பேறு நீங்கலாக) ஆன சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாய். நீண்டகால நோயாளி ஆண்டில் ஒருமுறை மட்டும் சேர்பவர் அல்லர்.

கோழிக்கோட்டில் தொடங்கியது

இந்த அமைப்பு அரசாணையில் பிறந்ததல்ல. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரும் அவர்களுடன் சேர்ந்த தொண்டர்களும் தொடங்கிய வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் சங்கமே இதன் விதை. புறநோயாளிப் பிரிவுக்கு வரக்கூட இயலாதவர்களே அதிகம் என்பதை அவர்கள் விரைவில் கண்டனர். 2001-ஆம் ஆண்டை ஒட்டி மலப்புரத்தில் அண்டை வீட்டார் வலைப்பின்னல் உருவானது. பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகளே நோயாளிகளைக் கண்டறிந்தனர். சிறு சிறு நன்கொடையாகப் பணமும் திரட்டினர்.

2008 ஏப்ரலில் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய கொள்கையை முதலில் அறிவித்த மாநிலம் அதுவே. அக்கொள்கை இப்பணியைச் சுகாதாரத் துறையிடம் மட்டும் விட்டுவிடவில்லை. உள்ளாட்சிகளைப் பொறுப்பாளர்களாக ஆக்கியது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குத் தர வழி செய்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் வந்திருந்தன. பணமும் அதிகாரமும் ஊரில் இருந்ததால்தான் செவிலியரும் ஊரில் இருந்தார்.

2010-இல் வெளியான 'எகனாமிஸ்ட்' ஆய்வுப் பிரிவின் அறிக்கை, இறுதிக்காலப் பராமரிப்பின் தரத்தில் 40 நாடுகளில் இந்தியாவைக் கடைசி இடத்தில் வைத்தது. அதே அறிக்கை, நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் மட்டுமே கொண்ட கேரளத்தில் நாட்டின் ஆதரவு சிகிச்சைச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பதாகவும் கூறியது. 2022-இல் மரணத்தின் மதிப்பு குறித்து ஆராய்ந்த 'லான்செட்' ஆணையமும் கேரளத்தை முன்னுதாரணமாகக் காட்டியது.

அரசியல் இதில் இல்லாமல் இல்லை. கண்ணூரில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆதரவுடன் இயங்கும் ஐ.ஆர்.பி.சி. அமைப்பு ஆதரவு சிகிச்சையில் பெரிய அளவில் ஈடுபட்டுள்ளது. மற்றக் கட்சிகளும் மத அமைப்புகளும் பின்தங்கிவிட விரும்புவதில்லை. நோயாளியின் கட்டிலருகே கட்சி நிற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வார்டு உறுப்பினர் கட்டிலருகே நிற்காத ஊரில் அக்கட்டிலுக்கு நிதியும் வராது என்பதே அதற்குக் கேரளம் தரும் விடை.

நாடாளுமன்றம் செய்ததும் செய்யாததும்

வீட்டு சிகிச்சையில் செவிலியரால் மட்டும் ஆகாத ஒன்று உண்டு. அது கடும் வலி. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பின் மாத்திரை உலகெங்கும் ஏற்கப்பட்ட மருந்து. அபினைச் சட்டபூர்வமாக விளைவித்து ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், மருந்துக்கும் போதைக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்குக் கடுமையாக இருந்தது. ஒரே மாத்திரைக்குப் பல உரிமங்கள். சிறு தவறுக்கும் சிறை. மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 97 சதவீதம் அளவுக்குச் சரிந்து, 1997-இல் 18 கிலோவில் வந்து நின்றது.

இதைத் திருத்தும் மசோதா 15-ஆவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரில், 2014 பிப்ரவரியில் நிறைவேறியது. தெலங்கானா அமளியில் அவை கொந்தளித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. மிளகுத்தூள் தெளிப்பும் மைக் பிடுங்கலும் முதல் பக்கங்களை நிறைத்தன. லட்சக்கணக்கான நோயாளிகளின் வலியைக் குறைக்கும் சட்டத் திருத்தம் அந்தச் சந்தடியில் கவனம் பெறாமலேயே போயிற்று. 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்ற புதிய வகையை அது உருவாக்கியது. பல உரிமங்களுக்குப் பதிலாக நாடு முழுவதற்கும் ஒரே நடைமுறைக்கு வழி செய்தது. ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்கில் தில்லியின் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியதன் பலன் அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சட்டம் வந்தது, பணம் வரவில்லை. ஆதரவு சிகிச்சைக்கான தேசியத் திட்டம் 2012-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கென்று தனி நிதி ஒதுக்கீடு இல்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் பொது நிதித் தொகுப்பில் இருந்து மாநிலங்கள் கேட்டுப் பெற வேண்டும். கேட்கத் தெரிந்த மாநிலத்துக்குக் கிடைக்கும். கேட்காத மாநிலத்தின் நோயாளிக்குத் தேசியத் திட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

தமிழகத்தின் வழி

களியக்காவிளைக்குக் கிழக்கே நிலைமை முற்றிலும் வறண்டதல்ல. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாகச் சென்று ரத்த அழுத்தம், நீரிழிவு நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுக்கவும், வட்டார அளவில் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடுகளுக்குச் செல்லவும் அத்திட்டம் வகை செய்தது. 2024-இல் ஐ.நா. பல்முகமைப் பணிக்குழுவின் விருது இதற்குக் கிடைத்தது.

இரண்டையும் ஒப்பிட்டால் பலமும் பலவீனமும் கண்ணாடியில் தெரிவது போல மாறி மாறித் தெரிகின்றன. தமிழகத்தின் திட்டம் சுகாதாரத் துறையின் திட்டம். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதற்கு முதுகெலும்பு. மாத்திரை தடையின்றி வருவதற்கு அந்தக் கழகமே காரணம். அதைப் பார்த்துத்தான் கேரளமும் தன் மருந்துக் கழகத்தை அமைத்தது. ஆனால் தமிழக ஊராட்சித் தலைவருக்கு இத்திட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படியான பொறுப்பு இல்லை. படுத்திருப்பவர் யார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் யார் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அவரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேரளத்தில் ஊராட்சிக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் முதல் அடுக்கில் பெரும்பகுதிச் சுமையும் ஒரே செவிலியரின் தோளில்தான். மருத்துவர் வீடு தேடி வருவது எல்லா இடத்திலும் நடப்பதல்ல. பட்டியல் நீள நீள, ஒருவரைத் திரும்பப் பார்க்கும் இடைவெளியும் நீள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம், தமிழகத்தில் 10.4 சதவீதம். இவ்விரு மாநிலங்களும் மற்ற மாநிலங்களுக்கு முன்பாக முதுமையைச் சந்திக்கின்றன.

எல்லைக் கிராமத்து நோயாளி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். திருவனந்தபுரத்தில் சிகிச்சை முடித்து விளவங்கோடு வட்டாரத்துக்குத் திரும்புபவரை, சாலைக்கு அப்பால் உள்ள கேரள ஊராட்சியின் செவிலியர் பார்க்க முடியாது; அவருடைய ஊதியமும் வாகனமும் அந்த ஊராட்சி நிதியில் இருந்து வருபவை. கிழக்கே உள்ள வட்டாரக் குழுவுக்கு இவரைப் பற்றிய தகவலைச் சேர்ப்பது பெரும்பாலும் உறவினரின் அலைச்சலாகவே முடிகிறது.

படுக்கைக்கே பணம்

இந்த இடத்தில்தான் மத்திய அரசின் கொள்கையில் உள்ள முரண்பாடு பளிச்சென்று தெரிகிறது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி அது விரிவுபடுத்தப்பட்டது. மாநில எல்லையைத் தாண்டியும் அட்டை செல்லும் என்பதே இத்திட்டத்தின் பெருமையாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் நோயாளி மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம். சேர்வதற்கு முன் 3 நாள், வெளியேறிய பின் 15 நாள் வரையிலான செலவு சேர்த்துக்கொள்ளப்படும். பதினாறாவது நாளில் இருந்து அவர் குடும்பத்தின் பொறுப்பு. மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களும் இதே அச்சில் வார்க்கப்பட்டவையே. சீழ் வைத்த புண்ணுக்கு மருத்துவமனையில் செலவிட அரசிடம் பணம் இருக்கிறது. அப்புண் வராமல் வீட்டில் தடுக்க அதே திட்டத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. காப்பீடு எல்லை தாண்டுகிறது. செவிலியர் தாண்ட முடிவதில்லை.

மாநில எல்லை நோயாளியின் உயிரோடு விளையாடும் என்பதை 2020 ஊரடங்கு காட்டியது. மங்களூரு மருத்துவமனைகளை நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகள் தலப்பாடியில் மறிக்கப்பட்டனர். விவகாரம் கேரள உயர்நீதிமன்றத்துக்கும், பிறகு உச்சநீதிமன்றத்துக்கும் சென்றது. மருத்துவமனைக்கு மட்டுமே பழக்கப்பட்ட நோயாளி, சாலை அடைபட்டால் திக்கற்றவர் ஆகிவிடுகிறார் என்பது அதில் கிடைத்த பாடம்.

உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு நிதி தரத் தில்லிக்கு மனம் இல்லை என்றும் கூற முடியாது. 15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு 70,051 கோடி ரூபாயை இவ்வழியில் பரிந்துரைத்தது. கட்டடமில்லாத துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம், பரிசோதனை வசதி, வட்டாரப் பொதுச் சுகாதார அலகு, நலவாழ்வு மையம் என்று அதற்குத் தலைப்புகள் வகுக்கப்பட்டன. அவை அனைத்தும் தேவையானவையே. ஆனால் அத்தலைப்புகளில், வீட்டுக்குச் செல்லும் செவிலியரின் ஊதியத்துக்கென்று ஒன்று இல்லை.

வீட்டுப் பெண்களின் கணக்கு

வீட்டு சிகிச்சை மலிவானது என்று வாதிடுவோர் மறைக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. நோயாளி வீட்டில் இருக்கும்போது இரவு விழித்திருப்பவர் மனைவி, மகள், மருமகள். முந்திரி ஆலைக்கோ நூறு நாள் வேலைக்கோ சென்றவர் வேலையை நிறுத்துகிறார். அந்த இழப்பு எந்த அரசின் வரவு செலவிலும் ஏறுவதில்லை. படுத்த படுக்கையான நோயாளிகளைப் பராமரிப்போருக்கு மாதம் 600 ரூபாய் தரும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தைக் கேரளம் கொண்டுவந்தது. தொகை சொற்பம், அதுவும் நிலுவையில் நின்ற காலங்கள் உண்டு. ஆயினும் வீட்டுக்குள் நடப்பதும் வேலையே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

வீட்டுக்கு வரும் பெண்களின் நிலையும் மேலானதல்ல. 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் மாதம் 21,000 ரூபாய் கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கினர். அது மாதக் கணக்கில் நீண்டது. கேரள எம்.பி.க்கள் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினர். பொறுப்பு மாநிலத்துடையது என்றது தில்லி. நிலுவை தில்லியுடையது என்றது திருவனந்தபுரம். ஆதரவு சிகிச்சைக் குழுவுடன் வீடு வீடாகச் செல்பவர்களும் இந்த ஆஷா பணியாளர்களே. தன்னார்வலர் என்று பெயரிட்டு ஊக்கத்தொகை தருவதில் தமிழகமும் விலக்கல்ல. அரசுகள் பெருமை பேசும் வீட்டு மருத்துவம், குறைந்த ஊதியம் பெறும் பெண்களையும் ஊதியமே பெறாத பெண்களையும் தாங்கு தூணாகக் கொண்டு நிற்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

2018 மார்ச் 9-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. கண்ணியம் நீதிமன்றத்தில் உறுதியாகிவிட்டது. அதை வீடு வரை கொண்டு சேர்ப்பது அரசுகளின் கடமை. அதற்குப் புதிய திட்டமும் புதிய பெயரும் தேவையில்லை.

முதலாவதாக, 2012-இன் தேசியத் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட்டில் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மருத்துவமனைக் காப்பீட்டுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கையாவது, வீட்டில் பார்க்கப்படும் நீண்டகால நோயாளிக்கும் பயன்படுத்த விதி திருத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, தமிழகம் தன் ஊராட்சிகளுக்கு இதில் நிதியும் பொறுப்பும் தர வேண்டும். கேரளம் தன் செவிலியருக்குத் துணையாக மருத்துவரை அனுப்ப வேண்டும். நான்காவதாக, எல்லை மாவட்டங்களில், நோயாளி மருத்துவமனையில் இருந்து விடுவிக்கப்படும் அன்றே அவருடைய விவரம் மறு மாநிலத்தின் வட்டாரக் குழுவுக்குச் செல்லும் ஏற்பாடு வேண்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் அமர்ந்து பேசினாலே முடியக்கூடியது இது.

பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. களியக்காவிளை கன்னியாகுமரித் தொகுதியில் உள்ளது. இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் மக்களவையில் ஒரே கூரையின் கீழ்தான் அமர்கின்றனர்.

கேள்வி நேரத்தில் மருத்துவமனைகளில் எத்தனை படுக்கைகள் கூடின என்று உறுப்பினர்கள் கேட்பதும், அமைச்சர்கள் அட்டவணையுடன் விடை தருவதும் வழக்கம். படுக்கைக்கு வராமலேயே எத்தனை பேர் காக்கப்பட்டனர் என்ற கேள்வியை அவையில் முதலில் எழுப்பப் போவது யார்?